வீட்டில் யாரும் கூப்பிடாத பெயர்

“மொஹமட்! கண்ணைத் திறந்து என்னைப் பாருங்கள், மொஹமட்!”

இளம் டாக்டர் ஆங்கிலத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நல்ல பிள்ளை, குரலில் சலிப்பே இல்லை. கட்டிலில் கிடந்த என் மாமனார்தான் அசையவில்லை.

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த மறுநாள் பிற்பகல் அது. சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. கை கழுவும் மருந்தின் வாசமும், பக்கத்துக் கட்டிலில் யாரோ மிச்சம் வைத்த பூசணி சூப்பின் வாசமும் ஒன்றாகக் கலந்து எனக்குக் குமட்டியது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“இந்நேரம் நன்றாக விழித்திருக்க வேண்டும். வயதானவர்களுக்குச் சில சமயம் இப்படி ஆகும். இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம். பதில் இல்லையென்றால் தலையை ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம்” என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தலை என்ற சொல்லைக் கேட்டதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான் குனிந்து “மாமா... மாமா...” என்று கூப்பிட்டேன். புருவம் லேசாக நெளிந்தது. அவ்வளவுதான்.

என் மகன் என் காதருகே வந்தான்.

“உம்மா, அவங்க மொஹமட்னு கூப்பிடுறாங்க. பெத்தாப்பாவ யாரு அப்படிக் கூப்பிட்டிருக்கா? வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு படுத்திருக்காங்க. நீங்க பேரச் சொல்லிக் கூப்பிடுங்க.”

பெத்தாப்பா என்பது எங்கள் பக்கத்தில் தாத்தா. அவன் சொன்னது சரி என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் அதைத்தான் என்னால் செய்ய முடியாது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், கட்டிலை அப்படியே விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வாய்க்கு வராத பெயர்

போன வாரம் இந்தப் பத்தியில் நெய்ச்சோறு பற்றி எழுதப்போய், பெண்டில் ஹில் மளிகைக்கடை வாசலிலேயே இரண்டு பேர் என்னோடு மல்லுக்கு நின்றார்கள். பட்டை போட வேண்டுமா, வேண்டாமா என்று. இந்த வாரம் சோறு கிடையாது. ஒரு பெயரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

என் மாமனாரின் பெயர் யஹ்யா. முழுப் பெயர் முகம்மது யஹ்யா.

திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். மார்க்கத்தில் அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, ஊர் வழக்கம்தான். பக்கத்துத் தெரு இந்து வீடுகளிலும் இதே கதைதான். கல்யாணத்தன்று காலையில் என் தலையில் பூவை வைத்து அழுத்திக்கொண்டே என் உம்மா சொன்னாள்: “மாமா பேரு வாயில வரக் கூடாது, கேட்டியா? வந்துச்சுன்னா உன்னய ஏச மாட்டாவ, என்னயத்தான் ஏசுவாவ.”

அப்படியானால் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம். கைக்குத் தடை இல்லை, வாய்க்குத்தான். குர்ஆனில் அந்தப் பெயர் வரும், ஓதும்போது சொல்லலாம், அது ஆண்டவன் சொல். ஆனால் என் மாமி, அதாவது அவருடைய மனைவி, ஓதிக்கொண்டே வந்து அந்தப் பெயர் வரும் இடத்தில் குரலைப் பாதியாகக் குறைத்துக்கொள்வார். கணவர் பெயரல்லவா! அடுப்படியில் நின்று கேட்டால் அந்த ஒரு சொல் மட்டும் காதில் விழாது. அந்தப் புண்ணியவதி கண்ணை மூடும்வரை அப்படித்தான் ஓதினார்.

மாமி போன பிறகு மாமாவை எங்களோடு கூட்டிக்கொண்டு வந்தோம். சிட்னி விமான நிலையத்தில் என்னிடம் ஓர் அதிகாரி, “உங்களோடு வருபவர் பெயர் என்ன?” என்று கேட்டார். நான் மாமாவைக் கையால் காட்டினேன். “பெயர்?” என்றார் மறுபடி. நான் மறுபடியும் கையைக் காட்டினேன். மாமனார் பெயர்கூடத் தெரியாத மருமகள் என்று நினைத்திருப்பார், பாவம். மாமாவோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். எந்த மருமகள் இந்தக் காலத்தில் இப்படி இருக்கிறாள் என்று காரில் வரும்போது என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

இதைச் சொன்னால் இங்கே வளர்ந்த பெண்கள் கண்ணை உருட்டுகிறார்கள். “அன்ரி, அது அடிமைத்தனம்” என்கிறார்கள். அடப் போங்கடி! என் வாய்க்கு யாரும் பூட்டுப் போடவில்லை. விருந்தாளிக்கென்று நல்ல பீங்கான் கோப்பையை அலமாரியில் எடுத்து வைப்போமே, அந்த மாதிரி எடுத்து வைத்த பெயர் அது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், எனக்கு ஆண்பிள்ளை பிறந்ததும் வந்தது. மூத்த பையனுக்கு வாப்பாவின் வாப்பா, அதாவது தகப்பனைப் பெற்றவர் பெயரைத்தான் வைக்க வேண்டும். ஏழாம் நாள் முடியிறக்கி, மாமாவே அவனைக் கையில் வாங்கி, முகம்மது யஹ்யா என்று பெயரிட்டார். நான் ஓரத்தில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றேன். அன்றிலிருந்து பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் இல்லை.

எங்கள் ஊரில் இதற்கு எல்லா வீட்டிலும் ஒரே மருந்துதான். செல்லப் பெயர். ராசாவாப்பா, சின்னவாப்பா, சீனிவாப்பா என்று தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். என் மகன் தங்கவாப்பா ஆனான்.

காப்பகத்தில் இன்னொருவன்

நான் பெண்டில் ஹில்லில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கப் பெயர் கூப்பிடுவதுதான் என் பிழைப்பு. லியாம், கையை எடு. அவ்னி, ஷூவைப் போடு. பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத் தொண்டையே அகலமாகிவிட்டது.

அங்கே ஒரு லெபனான் வீட்டுப் பிள்ளை வந்து சேர்ந்தான். சுருட்டை முடி. ஓரிடத்தில் நிற்க மாட்டான். பெயர் யஹ்யா.

என் கஷ்டத்தைப் பாருங்கள். மணலை வாயில் போடுகிறான், கத்த வேண்டும், பெயர் வரவில்லை. “டார்லிங்! ஸ்வீட்டி! ஹனி!” என்று இருக்கிற இனிப்பையெல்லாம் கொட்டினேன். காப்பகத்து மேலாளர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பௌசியா, ஒரு குழந்தையிடம் மட்டும் தனிப் பிரியம் காட்டுகிறீர்களோ?” என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

அவனுடைய தாய் ரீமாவிடம்தான் அந்தப் பெயரின் பொருளைக் கேட்டேன். எனக்கும் கொஞ்சம் தெரியும். ஹயாத் என்று நாம் சொல்வதற்கும் அதற்கும் ஒரே வேர், உயிர் என்ற பொருள். ஆனால் அரபியிலேயே பேசி, அரபியிலேயே சண்டை போடுகிற ஒருத்தி சொல்லிக் கேட்பது வேறு.

“இவன் ரொம்பச் சீக்கிரம் பிறந்துவிட்டான். இரண்டு கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தான். டாக்டர்கள் எதுவும் சொல்லவில்லை. என் கணவர் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று யஹ்யா, யஹ்யா என்றார். வாழ்வான், வாழ்வான் என்று அர்த்தம். அதையே பெயராக வைத்துவிட்டோம்” என்றாள்.

கூட்டங்களில் தலைவர்களுக்குக் கோஷம் போடும்போதும் அவர்கள் ஊரில் யஹ்யா என்றுதான் கத்துவார்களாம். நாம் மேடைக்கு மேடை ‘வாழ்க’ போடுகிறோமே, அதுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மாமனார் பெயரும் என் மகன் பெயரும் வாழ்க!

மூன்றாவது பிள்ளை

மாமாவுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் தேநீர் குடிக்கும்போது பேசுவார். இஞ்சி தட்டிப் போட்ட தேநீர். பிஸ்கட்டை அதில் நனைத்து, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போடுகிற அவசரத்துக்கு நடுவே பேசுவார்.

அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அவரும் நோஞ்சானாகத்தான் பிறந்திருக்கிறார். பிரசவம் பார்த்த அம்மாள், “பிச்சைன்னு பேரு வையுங்க, குப்பைன்னு வையுங்க. அப்பத்தான் மௌத்து திரும்பிப் பாக்காது” என்றாளாம். நம் ஊரில் எல்லாச் சாதியிலும் எல்லா மதத்திலும் இருந்த நம்பிக்கைதான். கேவலமான பெயராக இருந்தால் சாவு தேடி வராது என்று.

மாமாவின் வாப்பா பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஸ்ரத்திடம் போய்க் கேட்டிருக்கிறார். அவர்தான் ஸக்கரிய்யா நபியின் கதையைச் சொன்னாராம். தலை நரைத்துப்போன மனிதர், பிள்ளை பெறாத மனைவி. மெல்லிய குரலில், தனியாக இருந்து கேட்கிறார், எனக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று. கிடைக்கிறது. பெயரையும் இறைவனே வைத்து அனுப்புகிறான். அதற்கு முன்னால் யாருக்கும் வைக்காத பெயர், யஹ்யா. “பிச்சையும் வேண்டாம், குப்பையும் வேண்டாம். வாழுவான்னே பேரு வையும்” என்று ஹஸ்ரத் சொல்லி அனுப்பினாராம்.

“பேரு வச்ச பொறவும் எங்க உம்மாவுக்குப் பயம் போகல பாத்துக்க” என்று மாமா சொல்வார். “அடுப்படில இருந்துக்கிட்டே யஹ்யான்னு ஒரு சத்தம் குடுப்பா. நான் எங்க நின்னாலும் உம்மான்னு பதில் குடுக்கணும். வேற ஒண்ணும் கிடையாது. எதுக்குக் கூப்பிட்டன்னு கேட்டா, சும்மாத்தாம்பா. பதில் வந்துட்டா அவ பாட்டுக்கு வேலயப் பாப்பா. வரலைன்னா கரண்டியோட ஓடி வந்துருவா.”

“எத்தன வயசு வரைக்கும் மாமா?”

“எனக்குப் பிள்ளை பிறந்த பொறவுங்கூட. வெக்கமா இருக்கும். பதில் சொல்லாம இருக்க முடியுமா?”

பிஸ்கட் தேநீருக்குள் விழுந்துவிட்டது. அன்றைக்கு அவர் அதைக் கவனிக்கவில்லை.

மோ

இனி என் மகன் கதைக்கு வருகிறேன். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை. கம்ப்யூட்டர் படித்தான். மெல்பர்னில் வேலை கிடைத்தது. அங்கே பொயிண்ட் குக்கில் நண்பர்களோடு வீடும் பார்த்துவிட்டான். போவதற்கு முந்தின வாரம், கிரவீனில் இருக்கிற எங்கள் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு, தோசைக்கல்லிலிருந்து நேராகத் தோசையை எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். குசினி என்கிறேன் பாருங்கள். இலங்கைக்காரர்கள் நடுவில் இத்தனை வருஷம் இருந்தால் அடுப்படி குசினியாகத்தான் ஆகும்.

“உம்மா, புது ஆபீஸ்ல என் பேர மோன்னு போடச் சொல்லிட்டேன். பின்னால வாப்பா பேரு, மோ நாசர். யஹ்யாவ எல்லா இடத்துலயும் எடுத்துடலாம்னு இருக்கேன்.”

“ஏன்?”

“யாருமே கூப்பிடாத பேர எதுக்குத் தூக்கிட்டுத் திரியணும்?”

எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. கரண்டியைக் கல்லில் வைத்த சத்தத்தில் அவனே ஒரு அடி பின்னால் போனான்.

“யாரு பேருன்னு தெரியுமால உனக்கு? என்ன பேருன்னு தெரியுமா? தூக்கிப் போடுததுக்கு அது என்ன பழைய சட்டையா?”

“சீரியஸ்லி உம்மா, சொல்லுங்க. ஸ்கூல்ல மொஹமட். கிளாஸ்ல மூணு மொஹமட் இருந்தாங்க, ஸோ நான் மோ. யூனில மோ. வீட்ல தங்கவாப்பா. வாப்பா, பெத்தாப்பா, எல்லாரும் தங்கவாப்பா. என் பேர யாரு சொல்லிருக்கா? நீங்க ஒரு தடவ கூப்பிட்டிருக்கீங்களா?”

“கூடத்துல மாமா இருக்காங்க. மெல்லப் பேசு.”

“அதான்” என்றான். சிரிக்கவில்லை. “ஒரே ஒரு தடவ கூப்பிடுங்க. நான் பேர வச்சுக்கிறேன்.”

நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். அது கருகியிருந்தது.

அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை. அவன் சொன்னதில் பிழை இல்லையே! ஊரில் நாங்கள் ஒரு பெயரை எடுத்து வைத்தால், வெளியே ஒரு தெரு முழுக்க அதைப் புழங்கும். கூட்டாளி கூப்பிடுவான், வாத்தியார் கூப்பிடுவார், டீக்கடையில் கூப்பிடுவார்கள். வீட்டுக்குள்ளே மரியாதை, வெளியே பெயர். இங்கே வீட்டுக்கு வெளியே மொஹமட்தான். வீட்டுக்குள்ளேயும் சொல்லாவிட்டால் அந்தப் பெயர் எங்கேதான் இருக்கும்?

மாமாவுக்கும் அதே கதிதான் என்று அப்போதுதான் உறைத்தது. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட தாய், மாமன்மார், கூட்டாளிகள் ஒருவர் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இந்த நாட்டில் வரவேற்பறைகளில் மட்டும் மொஹமட், மொஹமட் என்று கூப்பிடுவார்கள். நான் தொட்டு எழுப்பினால்தான் அது தன்னை என்று எழுந்திருப்பார்.

இரண்டு பேருக்கும் ஒரே பெயர், இரண்டு பேரையும் கூப்பிட ஆள் இல்லை. எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் நறுக்குகிற சாக்கில் அழுது தீர்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைதான் மாமா ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பி, வாசற்படி ஈரத்தில் வழுக்கி விழுந்தார். மகன் மெல்பர்ன் பயணத்தைத் தள்ளிப்போட்டான்.

திரைக்கு இந்தப் பக்கம்

இப்போது கட்டிலுக்குத் திரும்பலாம்.

என் வீட்டுக்காரர் வேலை நிமித்தம் கான்பெராவில் இருந்தார். காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், வந்து சேர நேரமாகும். நானும் மகனும்தான். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்துவிட்டிருந்தார்கள்.

“கூப்பிடுங்க உம்மா.”

“நீ கூப்பிடு. உனக்குத்தான் இந்தப் பழக்கமெல்லாம் கிடையாதே.”

அவன் வாயைத் திறந்தான். மாமாவின் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

“பெத்தாப்பாவ நான் எப்படிப் பேர் சொல்லி...”

“பாத்தியா! எனக்கு மட்டும் உபதேசமாக்கும்?”

கிசுகிசுவென்று நாங்கள் அடித்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் ஒருத்தி மருந்துப் பையை மாற்ற உள்ளே வந்தாள். நாற்பது வயது இருக்கும். எங்கள் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“தமிழோ அக்கா? நான் ஜெசிந்தா. மன்னார். ஐயாவுக்கு என்ன பேர்?”

நான் மகனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவன் கட்டிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, மெதுவாக, “யஹ்யா” என்றான்.

“அது எங்கட அருளப்பர் எல்லோ!” என்றாள் அவள். “ஆத்தில ஞானஸ்நானம் குடுத்தவர். நீங்கள் யஹ்யா எண்டுறனீங்கள், நாங்கள் அருளப்பர் எண்டுறம், இஞ்ச உள்ளவை ஜோன் எண்டுவினம். எங்கட அப்பான்ர பேரும் அருளப்புதான். இப்ப இல்லை.”

அருளப்பர் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். “கடவுள்ட அருளாம். எங்கட சர்ச் சாமி பூசையில சொன்னவர். உங்கட பேருக்கு?”

“வாழுவான்னு அர்த்தம்” என்றேன். சொல்லிவிட்டு முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தேன்.

ஜெசிந்தா என் தோளில் கை வைத்தாள். “பயப்பிடாதேங்கோ அக்கா. ரெண்டும் நல்ல பேர்தானே. ஐயாவுக்குக் காது மிசின் இருக்கெண்டு சீட்டில கிடக்கு, அது எங்க? கழட்டி ஒரு பையில போட்டிருப்பினம். தம்பி, என்னோட வாங்கோ, எடுத்துத் தாறன்.”

அவர்கள் இருவரும் வெளியே போனார்கள். திரை ஆடி நின்றது.

நான் தனியாக நின்றேன். மாமாவின் தாடி பஞ்சாகக் கிடந்தது. எப்போதும் தொப்பிக்குள் இருக்கிற தலை, வெறுந்தலையாக, குழந்தைத் தலை மாதிரி இருந்தது. இந்த மனிதர் என்னை ஒரு நாள் ஒரு சொல் சொன்னதில்லை. என் பிள்ளையைக் கையில் வாங்கிப் பெயர் வைத்தவர். அவர் கண்ணைத் திறக்காமலே போய்விட்டால், நான் காப்பாற்றி வைத்த மரியாதையை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பேன்?

ஸ்கேனும் வேண்டாம், கீனும் வேண்டாம் என்று தோன்றியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வலது காதோரம் குனிந்தேன். பிஸ்மி சொல்லிக்கொண்டேன்.

“யஹ்யா.”

முதல் தடவை காற்றுதான் வந்தது. எனக்கே கேட்கவில்லை.

“யஹ்யா!”

இது என் காப்பகத்துக் குரல். விளையாட்டுத் திடலின் கடைசி ஊஞ்சல் வரைக்கும் போகிற குரல். பக்கத்துக் கட்டில் பாட்டையா சூப்புக் கரண்டியைக் கீழே போட்டார்.

மாமாவின் உதடு அசைந்தது.

“உம்மா...” என்றார்.

அதே நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது. “என்ன உம்மா?”

என் மகன் திரையை விலக்கிக்கொண்டு நின்றான். கையில் காது மிசின் இருந்த சிறிய பை. தன்னைத்தான் கூப்பிட்டேன் என்று ஓடி வந்திருக்கிறான். வந்த பிறகுதான் கூப்பிட்டது பெத்தாப்பாவை என்று அவனுக்கு விளங்கியது. முகம் என்னவோ ஆகிவிட்டது.

மாமா கண்ணைத் திறந்தார். மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரி என்பது புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் புருவம் நெரிந்தது.

“எவ அவ, எம் பேரச் சொன்னது?”

கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். ஆனால் அல்லாஹ் எனக்கு வாயைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்திருக்கிறான்.

“உங்க பேர யாரு மாமா சொல்லுவா? நான் உங்க பேரனையில்லா கூப்பிட்டேன்.”

மாமா மெல்லத் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். அவன் கண் கலங்கி, பையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

“உம்மா கூப்பிடுதால்லா? பதில் சொல்லுல” என்றார் மாமா. பிறகு தண்ணீர் கேட்டார். அதற்குப் பிறகு, தேநீர் கிடைக்குமா என்று கேட்டார்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு மகிழ்ந்துபோனார். ஸ்கேன் தேவைப்படவில்லை. ஜெசிந்தா தன் இடைவேளையில் தேநீர் கொண்டுவந்தாள். இஞ்சி இல்லை. மாமா குறை சொல்லாமல் குடித்தார்.

பொயிண்ட் குக்கிலிருந்து

மாமா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வாசற்படிக்கு ரப்பர் விரிப்புப் போட்டிருக்கிறோம். அந்தப் பிற்பகலைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. மயக்கத்தில் இருந்தாலும், கூப்பிட்டது யாரை என்று ஒரு மனிதருக்குத் தெரியாமலா போகும்?

மகன் மெல்பர்னுக்குப் போய்விட்டான். முதல் நாள் ஆபீசிலிருந்து ஒரு படம் அனுப்பினான். கழுத்தில் தொங்கிய அட்டையில் யஹ்யா நாசர் என்று இருந்தது. “இங்க எல்லாரும் கஷ்டப்பட்டுச் சொல்றாங்க உம்மா. சொல்லட்டும்” என்று குரலில் பேசி அனுப்பியிருந்தான்.

தினமும் சாயங்காலம் நான் குசினியில் நின்றுகொண்டு அவனுக்குப் போன் போடுகிறேன். போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துவிட்டு, இஞ்சியைத் தட்டிக்கொண்டே பேசுவேன். கூடத்தில் மாமா கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். வீட்டில் மாமா இருக்கும்போதே மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மருமகளாகிவிட்டேன். என் உம்மா இருந்திருந்தால் ஏச்சு அவளுக்குத்தான் விழுந்திருக்கும்.

நேற்றும் அப்படித்தான். அந்தப் பக்கம் ரயில் சத்தம். அவன் எடுத்தது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. உரக்கக் கூப்பிட்டேன்.

“யஹ்யா! சாப்பிட்டியா?”

அவன் பதில் சொல்லுவதற்குள் கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது.

“சாப்பிட்டாச்சு!”